வெந்நீரும் ஓர் ஆயுதம்தான்!

சேலத்திலிருந்து ஈரோடு போகிறவர்கள் சங்ககிரி மலைக்கோட்டையைப் பார்க்காமல் தாண்ட முடியாது. 1805-ல் தீரன் சின்னமலையைக் கம்பெனியார் தூக்கிலிட்டது இங்கேதான். பக்கத்து நாமக்கல் கோட்டை மட்டும் சளைத்ததா? 1768-ல் கம்பெனிப் படை அதைப் பிடித்தது. அந்த வருஷம் முடிவதற்குள் ஹைதர் அலி திருப்பிப் பிடித்துக்கொண்டார்!

அந்தக் காலத்துச் சிப்பாயின் தோளில் தொங்கியது, 'பிரௌன் பெஸ்' வகைத் துப்பாக்கி. மருந்து, குண்டு இரண்டையும் குழலின் வாய் வழியாகப் போட்டு, நீளக் கம்பியால் இடிக்க வேண்டும். விசையை இழுத்தால், 'குதிரை' கவ்வியிருக்கும் சக்கிமுக்கிக் கல் எஃகுத் தகட்டில் உரசும். தீப்பொறி கிண்ணி மருந்தில் விழும். அந்த நெருப்பு சின்னத் துளை வழியே குழலுக்குள் பாயும். அப்புறம்தான் 'டமார்'!

பழகிய கை, நிமிஷத்துக்கு மூன்று முறை சுடும். ஆனால், வில்லன் உள்ளேயே இருந்தான். வெடியுப்பு, கரி, கந்தகம் கலந்த கருமருந்து முழுசாக எரிந்து தீர்வதில்லை. ஏறக்குறைய பாதி எடை புகையாகவும் கசடாகவும் மிஞ்சும். அந்தக் கசடு, மழைக்காலத்து உப்பு ஜாடி மாதிரி ஈரத்தை இழுக்கும். அப்படியே விட்டால் துரு! துளை அடைத்துக்கொண்டால், கிண்ணி மட்டும் 'புஸ்' என்று எரியும், குண்டு வராது. எதிரே குதிரைவீரன் வாளை ஓங்கிக்கொண்டு வரும்போது இப்படி ஆனால்? யோசித்துப் பாருங்கள்!

இதற்கு எண்ணெய் மட்டும் போதாது. கசடில் இருப்பது உப்பு, தண்ணீரில்தான் கரையும். அதனால் கல்லைக் கழற்றிவிட்டு, குழலில் கொதிக்கும் வெந்நீரை ஊற்றி, கம்பி நுனியில் நாரைச் சுற்றித் தேய்க்கணும். கறுப்புத் தண்ணீர் தெளிகிற வரை விடக்கூடாது. வெந்நீர் எதற்கு? இரும்பு சூடேறினால் ஈரம் தானாகவே உலர்ந்துவிடும். எண்ணெய் பூசுவது அதற்குப் பிறகுதான்.

பின்னால், சக்கிமுக்கிக் கல்லுக்கு வேலை இல்லாத என்ஃபீல்டு ரைஃபிள் வந்தது. குழலுக்குள் சுழல் சுழலாகப் பள்ளம், குறி தப்பாது. ஆனால், மருந்து அதே கருமருந்து! கசடு பள்ளங்களில் அப்பிக்கொண்டால் குண்டு இறங்காது. வழுக்கிக்கொண்டு இறங்கட்டும் என்று தோட்டாவில் கொழுப்பு தடவினார்கள்.

அது பசுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு என்று படைக்குள் பேச்சு பரவியது. ஏற்கெனவே உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்த சிப்பாய்களுக்கு அந்தப் பொறி போதாதா? அந்த வருஷம், 1857!