செயற்கைப் பட்டு: இயற்கையைப் பின்பற்றலும் உழைப்போர் நிலையும்

இயற்கையைப் பின்பற்றி ஆடைக்கான இழைகளை ஆக்குதல், சூழல் நலன் கருதிய புதிய நெறியாக இன்று பேசப்படுகின்றது. ஆயின் அம்முயற்சி முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறுடையது. இயற்கையிடமிருந்து எது கற்கப்பட்டது, எது கைவிடப்பட்டது என்பதே அவ்வரலாறு எழுப்பும் முதன்மையான வினாவாகும்.

பட்டுப்புழு சுரப்பதையொத்த பசைப்பொருளைச் செயற்கையாக ஆக்கி இழையாக இழுத்தல் கூடும் என, 1665இல் வெளிவந்த ‘மைக்குரோகிராபியா’ என்னும் நூலில் றொபேட் ஹூக் கருத்துரைத்தார். அக்கருத்துத் தொழிலாக உருப்பெற இரு நூற்றாண்டுகள் கழிந்தன. பிரான்சின் பட்டுத் தொழிலைப் புழுநோய் நலிவித்திருந்த பின்னணியில், ஷார்டொனே 1884இல் ஆக்கவுரிமை பெற்றார். 1889இல் பாரிஸ் கண்காட்சியில் தமது செயற்கைப் பட்டைக் காட்சிக்கு வைத்தார். அவர் கையாண்ட நைத்திரோசெலுலோசு எளிதில் தீப்பற்றுவது. 1892இல் குரொஸ், பெவன், பீடில் ஆகியோர் கண்ட விஸ்கோசு முறை மரக்கூழை மூலப்பொருளாகக் கொண்டமையால் மலிவானது. 1905இல் கோட்டோல்ட்ஸ் நிறுவனம் கொவென்றி நகரில் அதன் உற்பத்தியைத் தொடங்கிற்று. செல்வர்க்கே உரியதாயிருந்த பட்டின் பொலிவு சாதாரண மக்களுக்கும் எட்டியமை இவ்வளர்ச்சியின் முற்போக்கான கூறு என்பதில் ஐயமில்லை.

எனினும் அம்மலிவின் விலையைச் செலுத்தியோர் ஆலைத் தொழிலாளரே. மரக்கூழை இழையாக்கும் கரைசலாக மாற்றுவதற்குக் காபனீர்சல்பைட்டு வேண்டப்பட்டது. அதன் ஆவி நரம்புகளையும் மனநிலையையும் சிதைப்பதை, 1856இலேயே பாரிஸ் மருத்துவரான டெல்பெக் இறப்பர்த் தொழிலாளரிடம் கண்டு எழுதியிருந்தார். விஸ்கோசு முறை தோன்றுவதற்கு 36 ஆண்டுகள் முன்னரே இவ்வுண்மை பதிவாகியிருந்தது. 1930களின் பிற்பகுதியிலும், பென்சில்வேனியாவில் அலிஸ் ஹமில்டன் முன்னின்ற ஆய்வு விஸ்கோசுத் தொழிலாளரிடையே அதே பாதிப்புகளைக் கண்டது. ஆகவே, இத்துன்பத்தை அறியாமையின் விளைவெனக் கொள்ளுதல் பொருந்தாது. உற்பத்திச் செலவுக் கணக்கில் தொழிலாளியின் உடல் இடம்பெறாமையே அதன் அடிப்படையாகும்.

பட்டுப்புழுவோ புரதக் கரைசலை நீரிலேயே கொண்டு, சாதாரண வெப்பநிலையில், இழுவிசையால் அதனைத் திண்மையான இழையாக்குகின்றது. தொழில்துறை பின்பற்றியது இழையின் தோற்றத்தையேயன்றி, அது உருவாகும் முறையையன்று. 1992இல் வணிக உற்பத்திக்கு வந்த லயோசெல் முறை, காபனீர்சல்பைட்டை விலக்கி, தான் பயன்படுத்தும் கரைப்பானை ஏறத்தாழ முழுமையாக மீட்டெடுக்கின்றது. இஃது இயற்கையின் நெறியை ஓரளவு அணுகும் படியாகும். ஆயினும் விஸ்கோசு உற்பத்தி இன்றும் பேரளவில் தொடர்கின்றது.

எனவே, ‘இயற்கை சார்ந்த’ என்னும் அடைமொழி ஒன்றே ஓர் ஆடைக்குச் சான்றாகாது. இழை எதனை ஒத்திருக்கின்றது என்பதோடு, அது எவ்வாறு, எவருடைய உடல்நலத்தை ஈடாகக் கொண்டு ஆக்கப்பட்டது என்பதையும் சேர்த்து நோக்குதலே வரலாற்று நோக்கின் கடனாகும்.