கைரோபிளேன் கியர் பெட்டி கொதிக்கிறதா? கெட்டியான எண்ணெய் மட்டும் தீர்வாகாது

இயந்திரம் சூடாகிறது என்றால் இன்னும் கெட்டியான எண்ணெயை ஊற்றிப் பார்க்கலாம் என்பது மோட்டார் பட்டறைகளில் காலங்காலமாகக் கேட்கும் யோசனை. தேய்ந்துபோன பழைய லாரிக்கு அது ஒருவேளை கைகொடுக்கலாம். ஆனால், இலகுரக கைரோபிளேனின் கியர் பெட்டிக்கு அதே வைத்தியத்தைச் செய்தால் சூடு குறைவதற்குப் பதிலாகக் கூடிவிடவும் வாய்ப்புண்டு.

கைரோபிளேன் பார்ப்பதற்குச் சிறிய ஹெலிகாப்டரைப் போல இருக்கும். ஆனால், தலைக்கு மேல் சுழலும் இறக்கையை, பறக்கும்போது இயந்திரம் சுற்றுவதில்லை. எதிர்க்காற்றே அதைச் சுழல வைக்கிறது. ஸ்பெயின் நாட்டுப் பொறியாளர் ஹுவான் டி லா சியெர்வா 1923ஆம் ஆண்டில் வெற்றிகரமாகப் பறக்கவிட்ட அந்த அமைப்புதான் இன்றும் அடிப்படை. இன்றைய வகைகள் பெரும்பாலானவற்றில் இயந்திரம் விமானியின் முதுகுக்குப் பின்னால் அமர்ந்து, புரொப்பெல்லரைச் சுழற்றி ஊர்தியை முன்னே தள்ளுகிறது. ஆகவே, கைரோபிளேனில் 'கியர் பெட்டி' என்றால் முக்கியமாக இயந்திரத்துக்கும் புரொப்பெல்லருக்கும் இடையே உள்ள வேகக் குறைப்புப் பெட்டியையே குறிக்கும். புறப்படுமுன் மேல் இறக்கையைச் சுற்றிவிடும் சிறு பற்சக்கர அமைப்பும் உண்டு. அது சில விநாடிகளே வேலை செய்வதால் அங்கே சூடு பெரிய பிரச்சினையல்ல.

வேகத்தைக் குறைக்க ஏன் ஒரு பெட்டி? ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் நிறுவனம் தயாரிக்கும் 912 யூஎல்எஸ் என்ற 100 குதிரைத்திறன் இயந்திரம் முழு விசையில் நிமிடத்துக்கு 5,800 முறை சுழல்கிறது. 1.7 மீட்டர் குறுக்களவுள்ள புரொப்பெல்லரை அதே வேகத்தில் சுற்றினால் அதன் நுனி விநாடிக்கு 500 மீட்டரைத் தாண்டிவிடும். ஒலியின் வேகமோ விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான். நுனி ஒலியை முந்தினால் இரைச்சல்தான் மிஞ்சும், உந்துவிசை கிடைக்காது. 2.43க்கு 1 என்ற விகிதத்தில் பெட்டி வேகத்தைக் குறைப்பதால் புரொப்பெல்லர் நிமிடத்துக்குச் சுமார் 2,390 முறை சுற்றுகிறது. நுனியின் வேகமும் விநாடிக்கு 210 மீட்டர் அளவில் நின்றுவிடுகிறது.

இவ்வளவு விசையும் ஒரே ஒரு சோடி பற்சக்கரங்கள் வழியாகப் போகிறது. அதில் 2 விழுக்காடு உராய்வில் வீணாகிறது என்று வைத்துக்கொண்டாலும் 2 குதிரைத்திறன், அதாவது ஏறக்குறைய 1.5 கிலோவாட் வெப்பம். தண்ணீர் கொதிக்கவைக்கும் மின்கெண்டி ஒன்றை அந்தச் சிறு பெட்டிக்குள் இடைவிடாமல் ஓடவிட்டதற்குச் சமம். கைரோபிளேன் நிதானமான வேகத்தில், ஆனால் அதிக விசையில் பறக்கும் ஊர்தி. தரையில் நின்றபடியே மேல் இறக்கையைச் சுற்றிவிடவும் வேண்டும். 33 பாகை வெயிலில் ஓடுபாதையில் காத்திருக்கும்போது குளிர்விக்கப் போதிய காற்றும் கிடைப்பதில்லை.

பெட்டி சிக்கிக்கொண்டாலோ பல் உடைந்தாலோ உந்துவிசை அங்கேயே முடிந்தது. மேல் இறக்கை சுழன்றுகொண்டே இருப்பதால் கைரோபிளேன் கல்லைப் போல விழாது, இறங்கத்தான் செய்யும். ஆனால், 1 மீட்டர் இறங்குவதற்குள் அது முன்னே போவது ஏறத்தாழ 3 அல்லது 4 மீட்டர்தான். 300 மீட்டர் உயரத்தில் இருப்பவருக்கு ஒரு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இடம் கிடைத்தாக வேண்டும். கீழே செம்பனைத் தோட்டமாக இருந்தால் அந்த இடம் எங்கே என்று தேட நேரமும் இருக்காது.

முதலில் பெட்டியைத் தெரிந்துகொள்ளுங்கள்

எந்த எண்ணெய் நல்லது என்று கேட்பதற்கு முன், பெட்டிக்கு எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். இன்று பரவலாக உள்ள இயந்திரங்களில் இரண்டு ஏற்பாடுகள் உண்டு. அவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன.

ரோட்டாக்ஸ் 912, 914 ஆகிய நான்கு வீச்சு இயந்திரங்களில் கியர் பெட்டிக்கென்று தனி எண்ணெய் கிடையாது. இயந்திரத்தில் ஓடும் அதே 3 லிட்டர் அளவிலான எண்ணெய்தான் பற்சக்கரங்களையும் நனைக்கிறது. அதோடு, பல பெட்டிகளுக்குள் மிகைச் சுமை கிளட்ச் ஒன்றும் இருக்கிறது. புரொப்பெல்லர் எதிலாவது மோதினால் வழுக்கிக் கொடுத்து இயந்திரத்தைக் காப்பது அதன் வேலை. அந்த கிளட்ச் தகடுகளும் இதே எண்ணெயில்தான் ஊறிக்கிடக்கின்றன.

காப்சாய் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இது உடனே புரியும். அங்கும் இயந்திரம், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே 'மிஞ்ஞாக் ஹித்தாம்'தான். எரிபொருளைச் சேமிக்கும் என்று விளம்பரப்படுத்தப்படும் கார் எண்ணெயை அதில் ஊற்றினால் கிளட்ச் நழுவத் தொடங்கும். காரணம், உராய்வைக் குறைக்கக் கலக்கப்படும் சேர்மங்கள். 912இலும் அதே கதைதான். அதனால்தான் உயர்தர நான்கு வீச்சு மோட்டார் சைக்கிள் எண்ணெய், அதிலும் கியர்களுக்கான சேர்மங்கள் உள்ளதைப் பயன்படுத்தும்படி ரோட்டாக்ஸ் சொல்கிறது. பெரிய விமானங்களுக்கான வழக்கமான எண்ணெய் கூடாது என்றும் எச்சரிக்கிறது. 'விமான எண்ணெய்' என்று டின்னில் எழுதியிருப்பதை நம்பி வாங்குபவர்கள் ஏமாறுவது இங்கேதான். ஷெல் நிறுவனம் ரோட்டாக்ஸுடன் சேர்ந்து உருவாக்கிய ஏரோஷெல் ஸ்போர்ட் பிளஸ் 4 என்ற 10டபிள்யூ-40 எண்ணெய் இந்தத் தேவையை மனத்தில் கொண்டு வந்ததே.

மோட்டார் சைக்கிள் எண்ணெய்க்கு இன்னொரு பலமும் உண்டு. பல தர எண்ணெய்கள் சூட்டில் நீர்த்துப்போகாமல் இருக்க நீண்ட பாலிமர் இழைகள் கலக்கப்படுகின்றன. பற்சக்கரங்கள் அந்த இழைகளைக் கத்தரிபோல நறுக்கிவிடும். கியரோடு கலந்து ஓடாத கார் எண்ணெய்க்கு இந்தச் சோதனை வருவதில்லை. புதிதாக ஊற்றும்போது 40ஆக இருந்த எண்ணெய் சில பத்து மணி நேரப் பறப்பிலேயே அதைவிட நீர்த்ததாகிவிடலாம். மோட்டார் சைக்கிள் எண்ணெய் இதைத் தாங்கும்படி தயாரிக்கப்படுகிறது.

இந்த இயந்திரத்தில் எண்ணெய்ப் பம்பு, தொட்டியிலிருந்து குளிர்விப்பான் வழியாக எண்ணெயை உறிஞ்சி இழுக்கிறது. காலையில் ஆறிக்கிடக்கும் கெட்டியான எண்ணெயை அந்தக் குழாய்கள் வழியே இழுக்கப் பம்பு திணறும். பேரிங்குகளுக்கும் கியருக்கும் எண்ணெய் தாமதமாகவே வந்து சேரும். தயாரிப்பாளர் வெளியிடும் தட்பவெப்ப அட்டவணையில் வெப்பமான இடங்களுக்கு எந்தத் தரம்வரை ஏற்கப்படுகிறது என்று பார்த்து, அதற்குள் நிற்பதே முறை.

சூடு என்றால் எவ்வளவு? 912 யூஎல்எஸ் இயந்திரத்தில் எண்ணெயின் உச்ச வரம்பு 130 பாகை செல்சியஸ். 90 முதல் 110 வரை இயல்பான அளவு. 50 பாகையைத் தொடாமல் புறப்படக் கூடாது. அதேபோல், எண்ணெயில் சேரும் நீர் ஆவியாக வேண்டுமானால் ஒவ்வொரு பறக்கும் நாளிலும் ஒருமுறையாவது அது 100 பாகையை எட்ட வேண்டும். எப்போதும் 75இலேயே நிற்கும் மானியைப் பார்த்து மகிழ்ச்சியடைபவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது. மித மிஞ்சிய குளிர்ச்சியும் கியர்களுக்குத் துருவைத்தான் தரும்.

ஈயம் கலந்த விமானப் பெட்ரோல் பயன்படுத்துவோருக்கு ஒரு தனிக் குறிப்பு. ஈயக் கசடு எண்ணெயில் இறங்கி, கியர் பெட்டியிலும் தொட்டியின் அடியிலும் படியும். முழுச் செயற்கை எண்ணெய் சூட்டைத் தாங்குவதில் கெட்டிக்காரன் என்றாலும் ஈயக் கசடைச் சுமந்து செல்வதில் பின்தங்கிவிடுகிறது. எனவே, அத்தகையோருக்கு அரைச் செயற்கை எண்ணெயே பொருத்தம். மாற்றும் இடைவெளியையும் 100 மணியிலிருந்து 50க்கோ அதற்கும் கீழோ குறைக்க வேண்டியிருக்கும். பெட்ரோல் நிலையத்து ஈயமற்ற பெட்ரோலில் ஓடும் இயந்திரத்துக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

தனி எண்ணெய் உள்ள பெட்டிகள்

இரண்டு வீச்சு ரோட்டாக்ஸ் 582இல் நிலைமை வேறு. பெட்ரோலோடு எரியும் எண்ணெய் ஒன்று. சுழல் வால்வை ஓட்டும் தண்டுக்குத் தனிப் புட்டியில் அதே இரண்டு வீச்சு எண்ணெய். கியர் பெட்டிக்கோ முற்றிலும் வேறான கியர் எண்ணெய். பெட்டிக்குள் எண்ணெய் குறைவாகவே இருப்பதாலும், அதற்கெனக் குளிர்விப்பான் இல்லாததாலும் சூடு வெளியேறும் வழி பெட்டியின் உலோகச் சுவர் மட்டுமே. இங்கு ஜிஎல்-5 தரத்தில், எஸ்ஏஇ 140 அல்லது 85டபிள்யூ-140 மிகையழுத்த எண்ணெய் கேட்கப்படுகிறது. பற்கள் ஒன்றன்மேல் ஒன்று நசுங்கும் இடத்தில் எண்ணெய்ப் படலம் கிழிந்தாலும், கந்தகமும் பாஸ்பரசும் கலந்த சேர்மம் உலோகத்தின் மேல் ஒரு காப்புப் படிவத்தை உண்டாக்கிக் காக்கும். கார் வேறு, வேன் வேறு என்று எதற்கும் ஊற்றும் 75டபிள்யூ-90 எண்ணெயை, கையில் இருக்கிறதே என்று இதில் ஊற்றுவது சரியல்ல.

எல்லாப் பெட்டிக்கும் ஜிஎல்-5 பொருந்தும் என்றும் எண்ணிவிடக் கூடாது. சுபாரு போன்ற கார் இயந்திரங்களில் பொருத்தப்படும் தனியார் தயாரிப்புப் பெட்டிகள் சிலவற்றில் வெண்கலப் புஷ் இருக்கலாம். அந்தச் சேர்மம் கடும் சூட்டில் வெண்கலத்தை அரிக்கக்கூடியது. பெட்டியைத் தயாரித்தவரின் கையேடு ஒன்றே இங்கு வழிகாட்டி.

எண்களைப் பார்த்துக் குழம்புவதும் சகஜம். கியர் எண்ணெயின் 90, இயந்திர எண்ணெயின் 40ஐவிட இரண்டு மடங்குக்கு மேல் கெட்டி என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் வேறுவேறு அளவுகோல்கள். 100 பாகைச் சூட்டில் அளந்தால் எஸ்ஏஇ 90 கியர் எண்ணெயும் எஸ்ஏஇ 40 இயந்திர எண்ணெயும் ஏறத்தாழ ஒரே பாகுத்தன்மை கொண்டவை. 140தான் உண்மையிலேயே கெட்டி.

எண்ணெய் சரி, சூடு மட்டும் குறையவில்லை

இந்தக் கட்டத்தில்தான் பலர் புட்டி மாற்றிப் புட்டி வாங்கத் தொடங்குகிறார்கள். வாங்குவதற்கு முன் மட்டத்தைப் பார்ப்பது நல்லது. தனி எண்ணெய்ப் பெட்டியில், கூட இருந்தால் குறையில்லை என்று மட்டத் துளைக்கு மேல் நிரப்பினால் பற்சக்கரங்கள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும். கடைவதே சூட்டை உண்டாக்கும். நுரைக்கோ வெப்பத்தைக் கடத்தும் திறன் குறைவு. ஊர்தியைச் சமதளத்தில் நிறுத்தி, மட்டத் துளையில் எண்ணெய் எட்டிப் பார்க்கும்வரை ஊற்றினால் போதும்.

912இல் மட்டம் பார்க்கும் முறை வேறு. தீப்பற்றல் விசைகளை அணைத்துவிட்டு, புரொப்பெல்லரை அது சுழலும் திசையிலேயே கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். தொட்டியில் 'களக்' என்ற கொப்பளிப்புச் சத்தம் கேட்ட பிறகே அளவுக்கோலை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் இயந்திரத்தின் அடியிலேயே தங்கி, குறைவாக இருப்பதுபோல் காட்டும். உரிமையாளரும் மேலும் ஊற்றிவிடுவார். எதிர்த்திசையில் சுற்றினால் எண்ணெய்க் குழாய்களுக்குள் காற்று புகும்.

அடுத்தது தாழ்ந்த ஓட்டம். மிகக் குறைந்த சுழற்சியில் இயந்திரம் தடதடக்கும்போது பற்கள் ஒன்றையொன்று முன்னும் பின்னுமாக அடித்துக்கொள்கின்றன. எந்த எண்ணெயும் அதைத் தாங்காது. 912ஐ 2,000 சுழற்சியில் இரண்டு நிமிடம், பின்னர் 2,500இல் சூடேற்றச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். சமநிலை தவறிய புரொப்பெல்லர், தேய்ந்த பேரிங், குளிர்விப்பானின் இடுக்குகளில் அடைத்த பூச்சிகளும் புல்லும் ஆகியவற்றையும் சரிபார்க்காமல் எண்ணெயைக் குறை சொல்வதில் பயனில்லை.

தனி எண்ணெய்ப் பெட்டிகளுக்குப் பொதுவாக வெப்பமானி இருப்பதில்லை. அதற்கு மலிவான வழி உண்டு. குறிப்பிட்ட சூட்டில் நிறம் மாறி, பிறகு மாறாமல் நிற்கும் வெப்ப ஒட்டுப்பட்டியைப் பெட்டியின் வெளிச்சுவரில் ஒட்டினால், பறப்பின்போது எட்டிய உச்ச வெப்பநிலை தெரிந்துவிடும். பழைய எண்ணெயோடு ஒரு பட்டி, எண்ணெய் மாற்றிய பின் அதே பாதையில், அதே நேரத்தில் பறந்து இன்னொரு பட்டி. எண்ணெய்ச் சூடு 10 பாகை கூடினால் அது கெட்டுப்போகும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொறியாளர்களின் பொதுக்கணக்கு. ஆகவே, இரண்டு பட்டிகளுக்கும் இடையே 10 பாகை வேறுபாடு தெரிந்தால் அது அற்பமல்ல.

எண்ணெயை வடிக்கும்போது காந்தத் திருகையும் பார்க்க வேண்டும். மாவுபோல மெல்லிய கருப்புப் படிவம் இயல்பானது; துடைத்துவிடலாம். நகக்கண்ணால் எடுக்கக்கூடிய செதில்களோ, பளபளக்கும் துணுக்குகளோ இருந்தால், வடித்த எண்ணெயையும் அந்தத் துணுக்குகளையும் சுத்தமான புட்டியில் போட்டு, உரிமம் பெற்ற தொழில்நுட்பரிடம் காட்டும்வரை அந்த ஊர்தி பறக்கக் கூடாது. தீய்ந்த வாடையுடன் கருத்து வரும் எண்ணெய்க்கும் இதே விதிதான், மாற்றி 20 மணி நேரம்கூட ஆகியிருக்காவிட்டாலும்.