ரத்தம் எழுதும் வம்சாவளி

சிவகாசிப் பக்கம் "கை கால் இழுத்துக்கிருச்சு" என்றால் ரத்தக்கொதிப்பு. வயிற்றில் கட்டி என்றால் பயராபீஸ் மருந்து. முன்னது பெரும்பாலும் சரி. பின்னது விசாரிக்கப்பட வேண்டிய குற்றச்சாட்டு. இரண்டையும் இணைக்கும் இன்னொரு வழி இருக்கிறது. அதற்கும் ஒரு வரலாறு உண்டு.

புற்றுள்ளவர்களின் நாளங்களில் ரத்தம் உறைவதைப் பற்றி 1865-இல் பாரிஸில் பேசினார் மருத்துவர் த்ரூசோ. 1867-இல் அதே அடையாளத்தைத் தன் உடம்பில் கண்டு, தனக்கும் புற்று என்று உணர்ந்தார்; அதே ஆண்டு இறந்தார். புற்று சிலருக்கு இதய வால்வில், கிருமி ஏதுமில்லாமலே, ரத்தக் கட்டிகளைப் படியவைக்கிறது. 1936-இல் கிராஸும் ஃப்ரீட்பெர்க்கும் இதைத் தனி நோயாக வரையறுத்தார்கள். இக்கட்டிகள் வால்வில் இறுகப் பிடிப்பதில்லை. பிய்ந்து மூளைக்குப் போனால் வாதம். புற்று பிடிபடும் முன்பே வாதம் வந்துவிடுவதும் உண்டு.

அந்தப் புற்று வம்சத்தில் ஓடுவதாகவும் இருக்கலாம். இதைச் சொன்னது மருத்துவம் மட்டுமல்ல. 1895-இல் அமெரிக்காவின் ஆன் ஆர்பரில் ஒரு தையல்காரப் பெண், "எங்க குடும்பத்துல எல்லாரும் இப்படித்தான் சாகுறாங்க, நானும் அப்படித்தான்" என்ற பொருளில் வார்த்தின் என்ற மருத்துவரிடம் சொன்னார். சொன்னபடியே கருப்பைப் புற்றில் இறந்தார். 1913-இல் அக்குடும்பக் கதை அச்சேறியது. ஆனால் வார்த்தின் இனமேம்பாட்டுக் கொள்கையின் ஆதரவாளர். பரம்பரை என்பது அவர் கையில் தரம் பிரிக்கும் சொல்லாயிற்று. அக்குடும்பத்தின் மரபணுப் பிழை 2000-இல்தான் அடையாளம் காணப்பட்டது.

தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் அடையாறு புற்றுநோய் நிறுவனம் பிறந்தது. ஆக, இங்கும் அங்கும் பெண்களின் குடும்ப நினைவே தொடக்கம்.

விருதுநகர் மாவட்டத்தில் அந்த நினைவு வாய் திறக்குமா? "சொன்னா பிள்ளைக்கு வரன் வராது" என்ற பயம் ஒருபுறம். "அது உங்க பரம்பரைச் சீக்கு" என்று முதலாளி கைகழுவும் ஆபத்து மறுபுறம். வெடிவிபத்துச் சாவுக்காவது ஒரு வழக்கு, ஒரு எண்ணிக்கை உண்டு. மெல்லச் சாவது பதிவில் ஏறாது.

லிஞ்ச் நோய்க்குறி போன்றவற்றில் பெற்றோரில் ஒருவரிடம் பிழை இருந்தால், ஆணோ பெண்ணோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. இது விதியல்ல, முன்கூட்டிப் பரிசோதித்தால் உயிர் தப்பலாம். 2022 முதல் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இளவயதில், காரணம் தெரியாமல், மூளையில் பல இடங்களில் அடைப்போடு வருபவரிடம் "வீட்டுல யாருக்காவது புற்று இருந்துச்சா?" என்றும், "என்ன வேலை பாத்தீங்க?" என்றும் சேர்த்தே கேட்க வேண்டும். ஒரு கேள்வி இன்னொன்றை அழிக்க நாம் விடக்கூடாது.