டேமு, டி.எம்.சி., பென்னிகுக்

வைகை அணைக்குப் போகிறவர்கள் நேராகப் பூங்காவுக்குப் போவார்கள். நீங்கள் ஒரு மாறுதலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஏதாவது ஒரு டீக்கடை பெஞ்சில் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். காலை நேரமாக இருந்தால் உத்தமம். அப்போதுதான் பேப்பர் வந்திருக்கும். அரசியல், சினிமா எல்லாம் அப்புறம். முதலில் எல்லாரும் தேடுவது, அணைகளின் நீர்மட்டம் போடுகிற அந்தச் சின்னப் பெட்டிச் செய்தியைத்தான்.

'டேமுல எம்புட்டுண்ணே?'

'அறுவத்தஞ்சு. நாலரை டிஎம்சி இருக்கும்.'

'வரத்து?'

'ஆயிரத்து எரநூறு கியூசெக்ஸ். பெரியாத்துல இருந்து வந்துக்கிட்டிருக்கு.'

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர், பக்கத்தில் உரக்கடை வைத்திருப்பவர், ரிட்டயர்ட் வாத்தியார்... யாராக இருந்தாலும் இந்தப் பாஷை ஒன்றுதான். டி.எம்.சி. என்றால் விரிவு என்ன என்று கேட்டால் பெஞ்சில் பாதிப்பேர் சிரித்து மழுப்புவார்கள். ஆனால் ஒரு டி.எம்.சி. குறைந்தால் எந்த மதகு அடைபடும், யார் வயல் காயும் என்று துல்லியமாகச் சொல்வார்கள்.

முதலில் அந்த விரிவைப் பார்த்துவிடலாம். தௌசண்ட் மில்லியன் க்யூபிக் ஃபீட். ஆயிரம் மில்லியன் கன அடி. நம் கணக்கில் நூறு கோடி கன அடி. லிட்டரில் சொன்னால் சுமார் 2,831 கோடி லிட்டர். கியூசெக் என்பது வேறு. க்யூபிக் ஃபீட் பெர் செகண்ட், அதாவது விநாடிக்கு இத்தனை கன அடி. ஒன்று சேர்ந்து கிடக்கிற குவியல், இன்னொன்று ஓடுகிற வேகம். ஒரு நாள் முழுக்க, இருபத்து நான்கு மணி நேரமும் விநாடிக்கு 11,574 கன அடி தண்ணீர் வந்தால் ஒரு டி.எம்.சி. சேரும். வைகை நிரம்பினால், அதாவது 71 அடியைத் தொட்டால், ஏறத்தாழ 6 டி.எம்.சி.

அது ஏன் 'ஆயிரம் மில்லியன்'? ஒரு பில்லியன் என்று சொல்லிவிட்டுப் போகலாமே? இங்கேதான் பிரிட்டிஷ்காரர்கள் வருகிறார்கள். அவர்கள் ஊரில் அந்தக் காலத்தில் பில்லியன் என்றால் லட்சம் கோடி. அமெரிக்காவில் நூறு கோடி. குழப்பம் வேண்டாம் என்றால் ஆயிரம் மில்லியன் என்றுதான் எழுதியாக வேண்டும். பிரிட்டிஷ் அரசாங்கமே 1974-ல் அமெரிக்கக் கணக்குக்கு மாறிவிட்டது. நம் அணைகள் மாறவில்லை. லண்டனில் காலாவதியான ஓர் எண் முறை ஆண்டிபட்டி டீக்கடையில் ஜீவித்துக்கொண்டிருக்கிறது!

இதில் இன்னொரு விஷயம் கவனித்தீர்களா? டி.எம்.சி.யை எழுத்தெழுத்தாகச் சொல்கிறோம். கியூசெக்கை ஒரே வார்த்தையாக விழுங்கிவிட்டோம். யார் இதை முடிவு செய்தது?

யாரும் இல்லை. வாய்தான். நடுவில் ஓர் உயிரெழுத்து கிடைத்தால் வார்த்தையாக்கிவிடும். கிடைக்காவிட்டால் எழுத்தெழுத்தாக உச்சரிக்கும். டாஸ்மாக், சிப்காட், இஸ்ரோ எல்லாம் வார்த்தை. பி.எஸ்.என்.எல்.லை எப்படிப் புரட்டினாலும் வார்த்தையாக்க முடியாது. சில இடங்களில் பாதிக்குப் பாதி. நான் படித்த பி.காம். அப்படித்தான். 'பி' எழுத்து, 'காம்' வார்த்தை. யாராவது பி.சி.ஓ.எம். படித்தேன் என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

சரி, இத்தனை நாள் இல்லாமல் இப்போது எதற்கு இந்த உச்சரிப்பு ஆராய்ச்சி என்று கேட்கலாம். பழைய காயம் ஒன்று இருக்கிறது.

2001-ல் சென்னையில் ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூவுக்குப் போனேன். பெயர் வேண்டாம். பி.காம். முடித்து, மேலே ஆறு மாதக் கம்ப்யூட்டர் கோர்ஸும் முடித்திருந்தேன். எதிரே இருந்தவர், 'டேட்டாபேஸ் தெரியுமா?' என்றார். 'எஸ்.க்யூ.எல். தெரியும் சார்' என்றேன். அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து ஒரு புன்னகை செய்தார். 'சீக்வல்' என்று திருத்தினார். அடுத்த கேள்விக்கும் நான் பழக்கதோஷத்தில் எஸ்.க்யூ.எல். என்றே சொல்ல, மறுபடி 'சீக்வல்'. மூன்றாவது முறை அவர் திருத்தவில்லை. ஃபைலை மூடிவிட்டார். எனக்கு அந்த வேலை கிடைக்காததற்கு வேறு நூறு காரணம் இருக்கலாம். ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது காதில் கேட்டுக்கொண்டிருந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

பல வருடம் கழித்துத்தான் அதன் சரித்திரம் தெரிந்தது.

அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனி ஆராய்ச்சிக் கூடத்தில் டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் என்று இரண்டு பேர். குவிந்து கிடக்கிற தகவல்களிலிருந்து வேண்டியதைக் கேட்டு வாங்க ஒரு மொழி செய்தார்கள். 1974-ல் வெளியிட்டார்கள். பெயர், ஸ்ட்ரக்சர்டு இங்கிலீஷ் க்வெரி லாங்வேஜ். முதலெழுத்துகளை ஒட்டவைத்து 'சீக்வல்'. பாய்ஸ் பாவம், அதே வருடம் மூளையில் ரத்தக்குழாய் வெடித்து இளம் வயதில் இறந்துபோனார். அவர்களுடைய மொழி பிழைத்தது. பெயர் பிழைக்கவில்லை. பிரிட்டனில் ஹாக்கர் சிட்லி என்கிற விமானக் கம்பெனி அந்தப் பெயரை ஏற்கெனவே டிரேட் மார்க் பதிவு செய்து வைத்திருந்தது. வேறு வழியில்லாமல் உயிரெழுத்துகளையெல்லாம் உருவிப் போட்டுவிட்டு எஸ்.க்யூ.எல். என்று மாற்றினார்கள்.

அதாவது, சட்டப்படி செத்துப்போன பெயரைச் சொன்னவர் அவர். உயிரோடிருக்கிற பெயரைச் சொன்னவன் நான்! அவர் சொன்னதும் தப்பில்லை. பெயர் மாறியதைக் காதில் வாங்காமல் பழையபடியே கூப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு கூட்டத்தின் வாரிசு அவர், அவ்வளவுதான். நாம் மட்டும் என்ன? 2010-ல் மின்வாரியத்தைப் பிரித்து 'டான்ஜெட்கோ' என்று வைத்தார்கள். கரண்ட் போனால் யாரைக் கூப்பிட்டோம்? ஈ.பி.காரரைத்தான். 2021-ல் பொதுப்பணித் துறையிலிருந்து நீர்வளத் துறையைத் தனியாகப் பிரித்தார்கள். வைகைக் கரையில் இன்றைக்கும் மதகைத் திறக்க வருகிறவர் 'பீடபிள்யூடி ஆளு'.

மைஎஸ்க்யூஎல் என்று இன்னொரு சாஃப்ட்வேர் உண்டு. எஸ்.க்யூ.எல். என்று சொல்வதுதான் அதிகாரபூர்வம், ஆனால் சீக்வல் என்றாலும் உங்கள் ஊர்ப் பழக்கப்படி எப்படிச் சொன்னாலும் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று அவர்களுடைய கையேட்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பெரிய மனசு! முன்னால் இருக்கிற 'மை', அதை உருவாக்கிய ஃபின்லாந்துக்காரர் மான்டி விடேனியஸுடைய மகளின் பெயர். அவர்கள் வீட்டில் அந்தக் குழந்தையை ஏறத்தாழ 'ம்யூ' என்றுதான் கூப்பிட்டிருப்பார்கள். ஆக, எஸ்.க்யூ.எல்.லா சீக்வலா என்று உலகமே அடித்துக்கொண்டிருக்க, முதல் எழுத்திலேயே எல்லாரும் தப்பு.

எல்லாருக்கும் அந்தப் பெரிய மனசு வருவதில்லை. ஜி.ஐ.எஃப். படங்களைப் பார்த்திருப்பீர்கள், அசைந்துகொண்டே இருக்குமே, அது. 1987-ல் கம்ப்யூசர்வ் கம்பெனியில் அதை உருவாக்கியவர் ஸ்டீவ் வில்ஹைட். உலகத்தில் நிறையப் பேர் கிஃப் என்றார்கள். மனிதர் கடைசிவரை விடவில்லை. 2013-ல் அவருக்கு ஒரு விருது கொடுத்தபோது, மேடையில் இருந்த திரையில் ஒரே ஒரு வாக்கியம் போட்டார்: 'ஜிஃப்' என்றுதான் உச்சரிக்க வேண்டும், கிஃப் இல்லை. 2022-ல் இறந்துபோனார். பெற்றவரே சொல்லியும் பாதி உலகம் கேட்கவில்லை. அவர் பேச்சைக் கேட்டு நடக்கலாம் என்றாலும் நமக்கு ஒரு கஷ்டம் இருக்கிறது. நம் ஊர் வாயில் ஜிஃப் சட்டென்று ஜிப் ஆகிவிடும். ஜிப் என்று வேறொரு ஃபைல் வகை ஏற்கெனவே இருக்கிறது.

இதைவிட வேடிக்கை நம் தமிழிலேயே நடந்தது. ஆங்கில எழுத்துகளுக்கு ஆஸ்கி, இந்திய மொழிகளுக்கு இஸ்கி என்று கம்ப்யூட்டர் குறியீடுகள் இருந்தன. தமிழர்கள் தங்களுக்கென்று ஒன்று செய்தார்கள். டி.எஸ்.சி.ஐ.ஐ. இதை யாராவது முழுசாகச் சொல்வார்களா? 'டிஸ்கி' ஆகிவிட்டது. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் மாநாடு நடந்தது. அதை ஒட்டி அரசாங்கம் இரண்டு குறியீடுகளை ஏற்றது. தமிழ் மட்டும் எழுத டி.ஏ.எம்., தமிழும் இங்கிலீஷும் கலந்து எழுத டி.ஏ.பி. வாயில் நுழைகிற மாதிரி இரண்டையும் 'டேம்', 'டேப்' என்று படித்தால் என்ன ஆகும்? 'டேம்ல அடிச்சுக் கொடுங்க' என்று யாராவது ஆண்டிபட்டியில் வந்து கேட்டால் அடிதடிக்கு ஆள் கூப்பிடுகிறார் என்றல்லவா நினைப்பார்கள்! நல்லவேளை, யூனிகோட் வந்து எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இந்த எழுத்தா வார்த்தையா சண்டை தமிழுக்குள் கிடையாது. யோசித்துப் பாருங்கள். தி.மு.க. என்பதை எழுத்தெழுத்தாகச் சொன்னாலும் ஒரே வார்த்தையாகச் சொன்னாலும் சத்தம் ஒன்றுதான். ம.தி.மு.க., பா.ம.க. எல்லாமே அப்படி. காரணம், நம் எழுத்துகள் ஒவ்வொன்றும் ஓர் உயிரைச் சுமந்துகொண்டு வருகின்றன. இங்கிலீஷ் எழுத்துக்குப் பெயர் வேறு, சத்தம் வேறு. பெயர் 'டபிள்யூ', சத்தம் 'வ'. அந்த இடைவெளியில்தான் எல்லாக் குழப்பமும் குடியிருக்கிறது. என் இன்டர்வியூவும் அதற்குள்தான் விழுந்தது.

அந்த இடைவெளியில் விழுந்த இன்னொருவர், கம்பம் பள்ளத்தாக்கின் குலசாமி மாதிரி இருக்கிற ஒருவர். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய ஜான் பென்னிகுயிக்.

இப்படித்தானே எழுதுகிறோம்? பத்திரிகைகளில் பென்னிகுயிக் என்றும் வரும், பென்னிகுவிக் என்றும் வரும். இங்கிலீஷ் எழுத்துகளைப் பார்த்தால் அப்படித்தான் படிக்கத் தோன்றும். ஆனால் பள்ளத்தாக்கில், கூடலூரிலோ உத்தமபாளையத்திலோ ஒரு விவசாயியிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். 'பென்னிகுக்' என்பார். படித்தவர்கள் பக்கத்தில் இருந்தால் சில சமயம் மெதுவாகத் திருத்துவார்கள். 'பென்னிகுக் இல்லைங்க, பென்னிகுயிக்.'

திருத்துகிறவர்தான் தப்பு.

ஸ்காட்லாந்தில் எடின்பரோ பக்கத்தில் இதே பெயரில் ஓர் ஊர் இருக்கிறது. குடும்பப் பெயர் அந்த ஊரிலிருந்து வந்தது. எழுதும்போது குயிக் மாதிரி எழுதினாலும் அந்த ஊர்க்காரர்கள் சொல்வது 'பென்னிகுக்'. பழைய மொழியில் 'பென் இ கோக்' என்பது மூலமாம். குயில் குன்று என்று அர்த்தம். நாம் தப்பாகப் படிக்கிற குயிக்கில் தற்செயலாக ஒரு குயில் எட்டிப்பார்க்கிறது, அது வேறு விஷயம்.

பள்ளத்தாக்குக்குச் சரியான உச்சரிப்பு எப்படி வந்தது? பெரிய மர்மம் எதுவும் இல்லை என்று நினைக்கிறேன். 1887-ல் தொடங்கி 1895 வரை, காட்டிலும் மழையிலும் காய்ச்சலிலும் செத்துச் செத்து அந்த அணையைக் கட்டினார்கள். அங்கே கல் சுமந்தவர்கள் துரையின் பெயரைப் போர்டில் படிக்கவில்லை. மற்ற துரைகள் அவரைக் கூப்பிடுவதைக் காதால் கேட்டார்கள். கேட்டதை வீட்டில் வந்து சொன்னார்கள். பேரன் பேத்திவரை அது அப்படியே வந்தது. எழுத்தில் படித்தவர்கள்தான் பிற்பாடு தடுமாறினார்கள்.

பெயரை அங்கே தண்ணீருக்குச் சமமாக வைத்திருக்கிறார்கள். அவர் பிறந்தது 1841 ஜனவரி 15. பாலார்பட்டியில் அன்றைக்கு அவர் பெயரில் பொங்கல் வைப்பார்கள். 2013-ல் லோயர் கேம்ப்பில் அரசாங்கம் மணிமண்டபம் கட்டித் திறந்தது. 2022-ல் இங்கிலாந்தில் கேம்பர்லியில் சிலையும் வைத்தாயிற்று. பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கிறவர்களும் உண்டு. பர்த் சர்டிபிகேட்டில் எந்த எழுத்து விழுகிறதோ அது அந்தக் குழந்தையின் பாடு. கூப்பிடும்போது குக் தான்.

அவர் அணையில் எவ்வளவு தேக்கலாம் என்று இரண்டு மாநிலமும் கோர்ட்டில் நின்றன. 1979-ல் 136 அடியாகக் குறைத்தார்கள். 142 வரை தேக்கலாம் என்று 2006-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லி, 2014 மே மாதம் அரசியல் சாசன பெஞ்சும் அதையே உறுதி செய்தது. வழக்கு விவரம் எல்லாருக்கும் தெரியாது. ஆனால் பள்ளத்தாக்கில் 'நூத்தி நாப்பத்திரெண்டு' என்று மட்டும் சொல்லுங்கள். என்ன நூற்று நாற்பத்திரண்டு என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

டீக்கடைக்கு வருவோம். நான் போயிருந்தபோது பெஞ்சின் ஓரத்தில் ஒரு பையன், இன்ஜினீயரிங் கடைசி வருஷமாம், போனில் ஏதோ படித்துக்கொண்டிருந்தான். கேம்பஸ் இன்டர்வியூ வருகிறதாம். என்ன படிக்கிறாய் என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்தி, 'எஸ்.க்யூ.எல். சார்... சீக்வல்' என்று இரண்டையும் சொன்னான்.

பக்கத்தில் இருந்த பெரியவருக்கு அதில் சுவாரஸ்யம் இல்லை.

'தம்பி, அந்த போன்ல பெரியாறு எம்புட்டு நிக்கிதுன்னு பாரு.'

'நூத்தி முப்பத்தொண்ணு தாத்தா.'

'வரத்து?'

பையன் மறுபடி விரலால் தேடத் தொடங்கினான். பெரியவர் டீயை வைத்துவிட்டுக் காத்திருந்தார்.