சுண்ணாம்புக் கோடும் ஏலப் பட்டியலும்: கல்லூரிக் கபடியில் முன்கணிப்பின் வரலாறு

தருமபுரி மாவட்டத்தில் கல்லூரி அணிக்குக் கபடி ஆடும் பையனைப் பற்றி ஊர் கேட்கும் கேள்வி மாறிவிட்டது. ‘இவனுக்கு ரயில்வேயில் வேலை கிடைக்குமா?’ என்றார்கள் அன்று. ‘புரோ கபடி ஏலத்தில் எடுப்பார்களா?’ என்கிறார்கள் இன்று.

2014இல் புரோ கபடி லீக் தொடங்கும்வரை, ஆட்டத்தால் பிழைப்பது என்றால் பெரும்பாலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் ரயில்வே, வங்கி, காவல்துறை வேலைதான். தஞ்சாவூர்க்காரரான கபடி வீரர் தர்மராஜ் சேரலாதன் 1975இல் பிறந்தவர். லீக் வந்தபோது அவருக்கு 39 வயது. நாற்பதைக் கடந்தும் ஆடினார். அவருடைய இளமையில், ‘ஏலத்தில் எடுப்பார்களா’ என்று ஆருடம் சொல்ல ஒரு லீக்கே இல்லை.

அந்தக் காலத்துக் கணிப்பு உடற்கல்வி ஆசிரியரிடமும், பொங்கல் போட்டியில் சுண்ணாம்புக் கோட்டோரம் உட்காரும் பழைய ஆட்டக்காரர்களிடமும் இருந்தது. பாடிப் போகிறவன் எத்தனை பேரைத் தொட்டான் என்பதை விட, பிடி விழுந்த பிறகு இடுப்பை எப்படித் திருப்புகிறான், மூச்சு எங்கே தளர்கிறது என்று பார்த்தார்கள். பையனின் வீடும் அவர்களுக்குத் தெரியும். மழை பொய்த்தால் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கோ திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ போய்விடுவானா என்பதும் அந்தக் கணிப்பில் அடக்கம். இதை அறிவாகவே மதிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

லீக் வந்ததும் கணிப்புக்கு விலை வந்தது. 2014 ஏலத்தில் அதிகத் தொகை ராகேஷ் குமாருக்கு, 12.8 லட்சம் ரூபாய். 2018இல் மோனு கோயத் 1.51 கோடி. 2022இல் பவன் செராவத்தைத் தமிழ் தலைவாஸ் 2.26 கோடிக்கு எடுத்தது. கல்லூரி மாணவருக்கும் அப்போதுதான் நேர்வழி கிடைத்தது: கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டியில் முதல் இரண்டு இடம் பிடித்த அணிகளின் 24 வீரர்கள் அந்த ஏலத்தில் சேர்க்கப்பட்டார்கள்.

அந்த ஆண்டுத் தலைவாஸ் பற்றிய எதிர்பார்ப்பெல்லாம் பவனைச் சுற்றியே இருந்தது. அவரோ முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டுத் தொடரிலிருந்து விலகினார். இடத்தை நிரப்பியவர், லீக்குக்கே புதியவரான ஹரியானா இளைஞர் நரேந்தர். அந்தத் தொடரில் அவர் எடுத்த ரைடு புள்ளிகள் 243. அதுவரை அரையிறுதியே காணாத அணி, யு.பி. யோதாஸை டைபிரேக்கரில் வென்று அரையிறுதிக்குப் போனது. அங்கே புனேரி பல்டனிடம் 2 புள்ளியில் தோற்றது. தொடருக்கு முன் நரேந்தரின் பெயரைச் சொல்லியிருக்கக்கூடியவர்கள், அவர் பயிற்சியில் பாடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் மட்டுமே.

யாரை எடுப்பார்கள் என்ற இதே ஆருடம் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் பெரிய தொழில். நவம்பரில் பருவம் தொடங்கும்போதே அடுத்த ஜூன் மாதம் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ. நடத்தும் வீரர் தேர்வில் யார் எத்தனையாவது என்று பட்டியல் வந்துவிடும். தேர்வே தவறுகிறது என்பதற்கு நிகோலா யோகிச் சாட்சி: 2014இல் 41ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர், பின்னாளில் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதை மூன்று முறை வென்றார். மறுஆண்டு 52ஆவதாகத் தேர்வான பஞ்சாபின் சத்னாம் சிங், என்.பி.ஏ.வில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை.

ஆனால் அங்கே தவறுவது, பலமுறை பார்த்த பின் தவறும் கணிப்பு. நம் பிள்ளைகளை முதலில் பார்க்கவே ஆளில்லை. அரூரிலோ பாலக்கோட்டிலோ ஆடும் மாணவர் கல்லூரி வழியாக ஏலப் பட்டியலை எட்ட, சேலம் பெரியார் பல்கலைக்கழக அணி, தென்மண்டலப் போட்டி, அகில இந்தியப் போட்டி, கேலோ இந்தியா என்று படிப்படியாக ஏற வேண்டும். ஊரில் வெறுங்காலோடு மண்ணில் ஆடி வளர்ந்தவர். மேலே போகப் போக ரப்பர் விரிப்பு, ஷூ. மண்ணில் குதிகாலை ஊன்றிச் சட்டென்று திரும்பிய அதே வேகத்தில் விரிப்பில் திரும்பினால் ஷூ பிடித்துக்கொள்ளும், உடம்பு முன்னே போய்விடும். தேர்வாளர் அவரை முதன்முதலாகப் பார்ப்பது அந்த இடத்தில்தான்.