‘12 மாதங்களுக்கு மாறாது’: ஒரு கட்டணக் கடிதத்துக்கு விளக்கவுரை

பிரிட்டனில் மின்சாரமும் எரிவாயுவும் விற்கும் நிறுவனங்கள் வாடிக்கையாளருக்கு அவ்வப்போது ஒரு கடிதம் அனுப்பும்: நிலையான கட்டணத்துக்கு மாறுகிறீர்களா, அல்லது இப்போதைய மாறும் கட்டணத்திலேயே இருக்கிறீர்களா? நிறுவனத்துக்கு நிறுவனம் சொற்கள் வேறுபடும். ஆனால் உள்ளே இருப்பவை ஐந்து வாசகங்கள்தான். அவற்றின் சாரத்தைத் தமிழில் தந்து ஒவ்வொன்றாக விளக்குகிறேன். விலை ஏறும் காலத்தில் முடிவைத் தீர்மானிக்க வேண்டியது நான்காம் வாசகம் என்பது என் உறுதியான கருத்து. அதைப் படிக்காமலே பலர் கையெழுத்திடுகிறார்கள்.

“யூனிட் விலையும் தினசரிக் கட்டணமும் 12 மாதங்களுக்கு மாறாது.”

மாறாமல் நிற்பது விலை, பில் அல்ல. குளிர் கடுமையாகி ஹீட்டர் கூடுதலாக ஓடினால் பில் ஏறும். மாதாமாதம் வங்கியிலிருந்து போகும் டைரக்ட் டெபிட் தொகையையும் நிறுவனம் உயர்த்தலாம். ‘ஃபிக்ஸ் பண்ணியும் கூட எடுக்கிறார்களே’ என்ற மனக்குறை இங்கிருந்துதான் பிறக்கிறது.

இரண்டு விலைகள் இருப்பதையும் கவனிக்க வேண்டும். 2025 அக்டோபர்–டிசம்பர் காலத்தில், மாறும் கட்டணத்துக்கு ஒழுங்குமுறை அமைப்பு வைக்கும் உச்சவரம்பின்படி (அதைக் கீழே விளக்குகிறேன்) சராசரியாக ஒரு யூனிட் (கிலோவாட் மணி) மின்சாரம் 26.35 பென்ஸ், எரிவாயு 6.29 பென்ஸ். அவை தவிர, எதையும் பயன்படுத்தாத நாளுக்கும் மின்சாரத்துக்கு 53.68 பென்ஸ், எரிவாயுவுக்கு 34.03 பென்ஸ் தினசரிக் கட்டணம். ஆண்டுக்குக் கூட்டினால் ஏறத்தாழ 320 பவுண்டு. 1,800 யூனிட் மின்சாரமும் 7,500 யூனிட் எரிவாயுவும் செலவாகும் சிறிய வீட்டில் இது மொத்தச் செலவில் கால்பங்கு. யூனிட் விலையைச் சற்றுக் குறைத்துத் தினசரிக் கட்டணத்தை ஏற்றிய திட்டம், தனியாக வாழும் முதியவருக்கு நட்டமாகவே முடியலாம்.

“உங்கள் ஆண்டுச் செலவு மதிப்பீடு இவ்வளவு.”

நீங்கள் தந்த மீட்டர் ரீடிங் எவ்வளவு சரியோ அவ்வளவுதான் இதுவும் சரி. ஓராண்டுக்கான ரீடிங் கையில் இருந்தால் நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

“இந்தத் திட்டத்துக்கு விலை உச்சவரம்பு பொருந்தாது.”

படித்ததும் பயம் வரும். பயப்படத் தேவையில்லை, ஆனால் புரிந்துகொள்ள நேரம் கொடுக்க வேண்டிய வாசகம் இது. 2018இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 2019 ஜனவரி 1 முதல் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் மாறும் கட்டணங்களுக்கு உச்சவரம்பு வைக்கிறது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும் இது உண்டு; வட அயர்லாந்துக்கு இல்லை. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் அது மாறும்.

2025 அக்டோபர்–டிசம்பருக்குச் செய்தியில் ‘உச்சவரம்பு 1,755 பவுண்டு’ என்று வந்தது, 2,700 யூனிட் மின்சாரமும் 11,500 யூனிட் எரிவாயுவும் செலவழிக்கும் ஒரு மாதிரி வீட்டின் ஆண்டுக் கணக்கு. அதற்கு மேல் பில் போகாது என்று அர்த்தமில்லை. இன்னொன்றும் உண்டு: ஆண்டுத் தொகையாகச் சொன்னாலும் அந்த விலையின் ஆயுள் மூன்று மாதம்தான். 12 மாத நிலையான விலையை இன்றைய உச்சவரம்போடு ஒப்பிடுவது, ஓராண்டை ஒரு காலாண்டோடு ஒப்பிடுவதாகும். எரிவாயுவில் பெரும்பங்கு அக்டோபருக்கும் மார்ச்சுக்கும் இடையில்தான் எரிகிறது. ஜூலையில் ஏறும் விலை அவ்வளவாக வலிக்காது. ஜனவரியில் ஏறினால் குடும்பம் திணறும்.

உச்சவரம்பைக் கணக்கிட, அதற்கு முந்தைய சில மாதங்களின் மொத்தச் சந்தை விலையைச் சராசரி எடுக்கிறார்கள். நிலையான கட்டணமோ இன்றைய சந்தையை ஒட்டியது. எனவே சந்தை ஏறும்போது முதலில் ஏறுவது நிலையான கட்டணம். மாறும் கட்டணம் பின்னால் வரும். செய்தித்தாளில் ‘கட்டணம் உயரப்போகிறது’ என்று படிக்கிற நாளில் மலிவான நிலையான திட்டங்கள் பெரும்பாலும் திரும்பப் பெறப்பட்டிருக்கும். அடுத்த காலாண்டுக்கான கணிப்பை ஓரளவு நம்பலாம், கணக்கில் சேரும் நாட்களில் பெரும்பகுதி அதற்குள் முடிந்திருக்கும். அதற்கு அப்பால் யார் சொல்வதும் ஊகமே.

2022 ஆகஸ்ட் 26 அன்று, அக்டோபருக்கான உச்சவரம்பு 3,549 பவுண்டு என்று அறிவிக்கப்பட்டது. ஓராண்டுக்கு முன் அது 1,277 ஆக இருந்தது. அடுத்த இரண்டு வாரத்துக்குள் அரசு தலையிட்டு, மாதிரி வீட்டுக்கு 2,500 பவுண்டு என்ற அளவில் விலையை நிறுத்தியது. உக்ரைன் போரையும் அரசின் முடிவையும் முன்கூட்டிக் கணித்து ஒரு குடும்பம் ‘ஜெயிக்க’ வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

“காலத்துக்கு முன் விலகினால் ஒவ்வோர் எரிபொருளுக்கும் 50 பவுண்டு.”

தொகை நிறுவனத்தைப் பொறுத்தது. சில திட்டங்களில் சுழியம், சிலவற்றில் இதைவிட அதிகம். ஏன் கேட்கிறார்கள்? உங்களுக்கு ஓராண்டு விலை வாக்களித்த நிறுவனம், அதற்கான மின்சாரத்தையும் எரிவாயுவையும் முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும். 2021 பிற்பகுதியில் சந்தை எகிறியபோது அப்படிப் போதிய அளவு வாங்கி வைக்காத நிறுவனங்கள் வரிசையாகச் சரிந்தன. சில மாதங்களில் முப்பதை நெருங்கியது எண்ணிக்கை. அவற்றின் வாடிக்கையாளர்கள் செலுத்தியிருந்த முன்பணம் காப்பாற்றப்பட்டது. ஆனால் அவர்கள் பிடித்து வைத்திருந்த நிலையான விலை போய்விட்டது.

வாடிக்கையாளர் பக்கம் இருந்து பார்த்தால், இந்த 50 பவுண்டுதான் நிலையான திட்டத்தின் உண்மையான விலை. விலை ஏறினால் நீங்கள் இருந்த இடத்திலேயே இருக்கலாம். நிறுவனம் தாங்கியாக வேண்டும். விலை நன்றாக இறங்கினால், இரண்டுக்கும் சேர்த்து 100 பவுண்டு கட்டி வெளியேறலாம். மேலே சொன்ன 1,755 பவுண்டு மாதிரி வீட்டுக்கு விலை பத்தில் ஒரு பங்கு இறங்கினால் ஆண்டுக்கு 175 பவுண்டு மிச்சம். குளிர்காலத்துக்கு முன்பே இறங்கினால் விலகல் கட்டணம் கழித்தும் கையில் காசு நிற்கும். மாறும் கட்டணத்தில் இருப்பவருக்கு இந்தச் சலுகை மறுபக்கத்தில் கிடையாது: ஏறிய பிறகு பழைய விலைக்குத் திரும்ப வழியில்லை. விலகல் கட்டணம் குறைவாக இருந்தால், இன்றைய உச்சவரம்பைவிட இரண்டு மூன்று சதவீதம் கூடுதலான நிலையான விலையையும் நான் தயங்காமல் எடுக்கச் சொல்வேன். குறிப்பாக, மாதம் 30 பவுண்டு ஏறினால் பிள்ளைகளின் செலவில் கைவைக்க வேண்டிய வீடுகளுக்கு. கையிருப்பு உள்ளவர் மாறும் கட்டணத்தில் பொறுத்திருக்கலாம். விலகல் கட்டணம் 150, 200 என்று இருந்தால் இந்தக் கணக்கு குலைந்துவிடும்.

ஒப்புக்கொண்ட பிறகும் 14 நாட்களுக்குள் மனம் மாறலாம், கட்டணம் எதுவும் இல்லை.

“காலம் முடிந்ததும் எங்கள் மாறும் கட்டணத்துக்கு மாற்றப்படுவீர்கள்.”

நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டால் நடப்பது இது. கடைசி 49 நாட்களில் விலகல் கட்டணம் இன்றி வேறு திட்டத்துக்கோ வேறு நிறுவனத்துக்கோ போகலாம். உச்சவரம்பு அறிவிப்புகள் பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் கடைசியில் வரும். உங்கள் 49 நாட்கள் அவற்றில் ஒன்றைத் தொட்டால் அறிவிப்பைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். சந்தை ஏறுமுகமாக இருந்தால் அதற்கும் காத்திருக்க வேண்டாம். மாறும் நாளில் இரண்டு மீட்டர்களையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கடைசி பில்லில் தகராறு வந்தால் அதுவே சான்று.