அருவிக்குத் தெரியாத கணக்கு

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்தால் போதும், தென்காசிப் பக்கம் வேன்கள் வரிசை கட்டிவிடும். மெயின் அருவியிலும் ஐந்தருவியிலும் தலையைக் கொடுத்து நிற்பவர்களில் மூட்டுவலிக்காரர்களும் உண்டு. குளித்தால் வலி குறைந்த மாதிரி இருக்கும். பொய்யில்லை. ஆனால், முடக்குவாதம் என்றால் கதை வேறு. உடம்பின் காவல்படையே மூட்டுகளைத் தாக்கும் நோய் அது. வலி அடங்கிவிட்டது, சரி. உள்ளே நடக்கும் சண்டை அடங்கியதா?

அதை ரத்தத்திடம் கேட்கலாம் என்று கண்டுபிடித்த கதை சுவாரஸ்யமானது. 1918. ஸ்வீடனில் ராபின் ஃபாரியஸ் என்ற டாக்டர், குழாயில் விட்ட கர்ப்பிணிகளின் ரத்தத்தில் சிவப்பணுக்கள் சரசரவென்று கீழே இறங்குவதைக் கவனித்தார். அடடா, கர்ப்பத்துக்கு ஒரு டெஸ்ட் கிடைத்தது! பார்த்தால், நோயுற்ற ஆண்களின் ரத்தமும் அப்படியே இறங்கித் தொலைத்தது! உங்கள் லேப் ரிப்போர்ட்டில் வரும் ஈ.எஸ்.ஆர். இதுதான். அழற்சி கூடினால் சிவப்பணுக்கள் காசுகளைப் போல அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்டு வேகமாக இறங்கும். ஆனால் ரத்தசோகை, வயது என்று வேறு காரணங்களாலும் இது ஏறும்.

1930-ல் நியூயார்க்கில் டில்லெட், ஃபிரான்சிஸ் இருவரும் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் சி.ஆர்.பி.யைக் கண்டார்கள். கல்லீரல் தயாரிக்கும் புரதம். ஈ.எஸ்.ஆர். இறங்க வாரக்கணக்காகும். சி.ஆர்.பி.யோ அன்றன்றைய கல்லாப்பெட்டி மாதிரி... சட்டென்று ஏறும், சட்டென்று இறங்கும்.

அப்படியானால் 'ஆர்.ஏ. ஃபேக்டர்'? 1940-ல் நார்வேயின் எரிக் வாலர் எழுதிவைத்த சமாச்சாரம். நோய் இன்னதென்று கண்டறிய உதவும். இன்று எவ்வளவு உக்கிரம் என்று அது சொல்லாது.

நம்மூர்க் கதைக்கு வருவோம். கோவையில் 43 முடக்குவாத நோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒன்றுக்கு ஆயுர்வேதம், இன்னொன்றுக்கு மெத்தோட்ரெக்ஸேட், மூன்றாவதற்கு இரண்டும். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. 36 வாரம். சி.ஆர்.பி.யோடு 28 மூட்டுகளின் வலி, வீக்கத்தையும் எண்ணி மார்க் போட்டார்கள். 2011-ல் வெளியான முடிவு: மூன்றுக்கும் நடுவே பெரிய வித்தியாசமில்லை! சின்ன ஆய்வுதான், தீர்ப்பல்ல. ஆனால் 'எங்க வைத்தியம்தான் ஒசத்தி' என்ற சண்டையை எண்ணிக்கைக்குக் கொண்டுவந்தார்களே, அது பெரிசு.

மூட்டுகளை ஏன் எண்ணினார்கள்? சிலருக்கு விரல் வீங்கியிருக்கும்போதே சி.ஆர்.பி. நார்மல் என்று வரும். ரத்தம் மட்டும் சாட்சி சொன்னால் போதாது.

ஆகவே, அருவியில் ஆசைதீரக் குளியுங்கள். ஆனால் 'வலி போயிடுச்சே' என்று நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். உள்ளே தொடரும் அழற்சி எலும்பைத் தின்றுவிட்டால், கோணிய விரலை எந்தச் சீசனும் நிமிர்த்தித் தராது.